பங்குனி வெயிலில் காளான்

தேவாரம்,
சுபானு வருஷம், மாசி 5

தம்பி சுயம்புலிங்கத்துக்கு, அக்கா சண்முகத்தாய்.

உன் சுகத்தை விசாரித்து மூன்று வருஷமாக நான் போட்ட கடிதங்களுக்கு ஒரு வரி பதில் இல்லை. அதனால் இதில் சுகம் விசாரிக்கப் போவதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் பவுனு இங்கே வந்திருக்கிறாள். மூன்றாம் மாசம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போனது. அதையும் எழுதினேன், நீ படித்தாயோ கிழித்தாயோ. இந்தத் தடவை வயிற்றில் இருப்பது போகவில்லை. அவள்தான் போய்க்கொண்டிருக்கிறாள். கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. தெருக்கோடியில் யார் வீட்டிலாவது தாளித்தால் இங்கே ஓங்கரிக்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ போட்டுவிட்ட வளையலைப் பெரிதாக்கிக் கொடுத்தோமே, அது இப்போது முழங்கை வரைக்கும் ஏறுகிறது. லீவில் வந்துபோன மாப்பிள்ளை இப்போது பட்டாளத்தில் எந்தத் தேசத்தில் இருக்கிறார் என்பது சர்க்காருக்குத்தான் தெரியும். உத்தமபாளையத்து டாக்டர் பார்த்துவிட்டு உன் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது ஒன்னு உள்ள போயி நிக்கணும். இல்லேன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதைக் கொடுத்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவள், முந்தாநாள் தானாகவே கண்ணைத் திறந்து, "ஆத்தா, காளான் திங்கணும் போல இருக்கு" என்றாள். இத்தனை நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மாசி மாசத்தில் காளானுக்கு நான் எங்கே போவேன்? மழையும் இல்லை, இடியும் இல்லை, கரையான் புற்றெல்லாம் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆட்களிடம் சொல்லிவிட்டேன். அங்கேயுள்ள மலையாளத்தார், "இப்போ கூணு கிட்டில்லா", காளான் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்களாம்.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிற தங்கபாண்டி, கோயம்புத்தூருக்குச் சரக்குக் கொண்டுபோனபோது உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். "உங்க தம்பி நல்லாத்தான் இருக்காக. வெவசாயக் காலேஜுல வைக்கோல்ல காளான் மொளைக்க வைக்கிறாக. அதுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு நிக்காக" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, சிரித்த வாயை மூடாமல் அப்படியே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அது மெய்தானா? மெய் என்றால் எனக்கு ஒரு பிடி வேண்டும். உன் கோபம் என்மேல். அது என்மேலேயே இருக்கட்டும். பிள்ளை உனக்கு என்ன செய்தாள்?

சண்முகத்தாய்


கோயம்புத்தூர்,
22-2-1944

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது.

காளான் கேட்பதானால் கர்ணனிடம் கேட்டிருக்கலாம். மணவறையில் பவுனுக்கு மாமன் மாலை போட்டவன் பெரியப்பா மகன் கர்ணன்தானே. வத்தலக்குண்டில் பஸ் நின்றுபோய், பட்டுச் சேலையையும் மாலையையும் தலைமேல் வைத்துக்கொண்டு கட்டை வண்டியில் நான் வந்து சேர்ந்தபோது பந்தலில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். கூடப் பிறந்த மாமன் வருகிற வரைக்கும் ஒரு பொழுது பொறுக்க முடியாதவர்களுக்கு இப்போது மட்டும் மாமன் எங்கிருந்து ஞாபகத்துக்கு வந்தான் என்று கேட்டு நாலு பக்கம் எழுதினேன். எழுதியதைக் கிழித்துவிட்டேன். ஆனாலும் இவ்வளவு எழுதிவிட்டேன்.

தங்கபாண்டி சொன்னது மெய். இங்கே ஒரு கொட்டகையில் வைக்கோலை அடுக்கிக் காளான் வளர்த்துப் பார்க்கிறார்கள். பாட்டில் கழுவுவதும் தண்ணீர் தெளிப்பதும் என் வேலை. பாதிக்குப் பாதி கெட்டுப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பறித்த காளானை அனுப்பினால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் அழுகிவிடும். அதனால் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற எங்கள் சாரிடம் கேட்டு, வித்து ஒரு பாட்டில் தங்கபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். பவுனுக்காக.

புது வைக்கோலாக எடுத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி ஊறவை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஓரத்தில் பாட்டிலில் உள்ளதைப் பிய்த்து வைத்துக் கொஞ்சம் கொள்ளு மாவு தூவு. ஈரம்தான் இதற்கு உயிரும் எமனும். ஒரு பிடி வைக்கோலை எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். எல்லாவற்றையும்விடச் சுத்தம் முக்கியம். சுத்தமில்லாவிட்டால் நாம் வைத்தது முளைக்காது, வைக்காததெல்லாம் முளைக்கும்.

சுயம்புலிங்கம்


தேவாரம்,
மாசி 23

தம்பிக்கு,

பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. பூசணம் பிடித்த வைக்கோலை அடைத்து அனுப்பியிருக்கிறாயே, இன்னும் உனக்கு மனசு ஆறவில்லையா என்று வாசலில் வீசப் போனேன். தங்கபாண்டிதான் கையைப் பிடித்து, "அந்தப் பூசணந்தான் வித்தாம்" என்றார். பூசணத்தைப் பாட்டிலில் போட்டுப் பொத்திப் பொத்திக் கொண்டுவருகிற காலமும் வந்துவிட்டது.

சொன்னபடி மாட்டுக் கொட்டத்தின் ஓரத்தில் அடுக்கினேன். நீ சுத்தம் சுத்தம் என்று எழுதியிருந்தாய். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. காலையும் மாலையும் பசுஞ்சாணியைக் கரைத்துச் சுவரிலும் தரையிலும் வைக்கோல் மேலேயும் தெளித்தேன். வெள்ளிக்கிழமை மஞ்சளும் சேர்த்துத் தெளித்தேன். இதற்கு மேல் சுத்தம் எந்த வீட்டில் இருக்கும்?

முந்தாநாள் விடியக் கதவைத் திறந்தால் வைக்கோல் அடுக்கு முழுக்கக் குடை குடையாக நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, ஒல்லிக் காலில், தொட்டால் ஒடிகிற மாதிரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடி இல்லாமல், ஒரு பொட்டு மழை இல்லாமல், என் மாட்டுக் கொட்டத்தில். கன்னத்தில் போட்டுக்கொண்டேன் தம்பி. பவுனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன். அவள் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆனால் கிட்டே போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வேண்டாத்தா" என்று திரும்பிவிட்டாள்.

சரி, ஆக்கிக் கொடுத்தால் தின்பாள் என்று கூடையில் பறித்து வைத்துவிட்டுக் களத்துவரை போய்வந்தேன். வந்து பார்த்தால் கூடையில் காளான் இல்லை. கருகருவென்று மசி வடிந்து தரையெல்லாம் ஓடுகிறது. கொட்டத்தில் பறிக்காமல் விட்டதும் அப்படியே நின்ற இடத்தில் கரைந்து சொட்டுகிறது. உன் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன் தம்பி எழுதுறதுக்கு மசி அனுப்பியிருக்கான். இனிமே அவனுக்கு லெட்டர் போட மசிக்குக் கவல இல்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் களத்துக்குப் போகாமல் உடனே ஆக்கியிருந்தால் அது பிள்ளை வயிற்றுக்குள் அல்லவா போயிருக்கும்? இதென்ன, எழுது. பவுனு நேற்றிலிருந்து உட்காரவும் மாட்டேன் என்கிறாள்.

அக்கா


கோயம்புத்தூர்,
10-3-1944

அக்காவுக்கு,

சாணி தெளித்ததைப் படித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன், அவரும் சிரித்தார். பிறகு எனக்கே சங்கடமாகப் போயிற்று. நான் சுத்தம் என்று எழுதினால் தேவாரத்தில் வேறு எதைச் செய்வார்கள்? நான் அங்கே இருந்தாலும் உன் கையில் சாணி வாளியைக் கொடுத்திருப்பேன்.

அது நாம் வைத்த காளான் இல்லை. சாணியில் குடியிருப்பது. நீ தெளித்த சாணியோடு வந்து, நம் வித்து கண் விழிக்கும் முன்னால் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விடிய முளைத்து உச்சிக்குள் கரைவதுதான் அதன் பிழைப்பு.

கடிதத்தின் ஓரத்தில் அந்த மசி ஒரு சொட்டுப் பட்டிருந்தது. சார் அதைத் தண்ணீரில் கரைத்து, பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குழலுக்கு அடியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். அக்கா, அது மசி இல்லை. அவ்வளவும் விதை. எள்ளை அள்ளிக் கொட்டியதுபோல் கறுப்புக் கறுப்பாக, ஒரு சொட்டில் நம் ஊர் முழுவதும் விதைக்கலாம் போல இருக்கிறது. இந்த மாதிரி விதைகள் காற்றிலும் தண்ணீரிலும் நம் தலைமுடியிலும் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றனவாம். ஒரு வாய் மூச்சு இழுத்தால் அதில் எத்தனையோ பேர் குடித்தனம். நான் வீட்டுக்கு நடந்து போகையில் வழியெல்லாம் மூச்சை மெதுவாக இழுத்தேன். இத்தனை வருஷம் பாட்டில் கழுவுகிறேன், எதைக் கழுவுகிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகையால் இந்தத் தடவை மாட்டுக் கொட்டம் வேண்டாம். பருத்தி போட்டு வைக்கிற உள்ளறை காலியாக இருந்தால் சுண்ணாம்பு அடித்து அங்கே வை. வைக்கோலை நெல் அவிக்கிற அண்டாவில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்து ஆறவிடு. சோப்புப் போட்டுக் கைகழுவி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு தொடு. சாணி, மஞ்சள், வேப்பிலை, சாம்பிராணி எதுவும் அந்த அறைக் கதவுக்கு உள்ளே வரக்கூடாது. இன்னொரு பாட்டில் வருகிறது.

பவுனு வேண்டாம் என்று திரும்பியது நல்லதாகப் போயிற்று.

சுயம்பு


தேவாரம்,
பங்குனி 8

தம்பிக்கு,

இந்தத் தடவையும் போயிற்று. ஆனால் என் கையால் இல்லை.

நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். அண்டாவில் வைக்கோல் அவிப்பதைப் பார்த்துத் தெருவே திரண்டது. நாத்தனார் மாயக்காள், "நெல்லு கெடைக்காத காலத்துல வைக்கோல அவிச்சுத் திங்கப் போறாகளா" என்று கேட்டுவிட்டுப் போனாள். பருத்தி அறையில் அடுக்கி, ஈரச் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு, பிழிந்து பிழிந்து பார்த்து, பச்சைப் பிள்ளைக்குப் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்துவந்தேன். பங்குனிக் காற்று மலையிலிருந்து இறங்கி நெருப்பாக வீசுகிறது. மேல் வைக்கோல் காய்ந்து சலசலக்கும். அதைப் பார்த்து உன் மச்சானுக்கு மனசு பொறுக்கவில்லை. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் முதல் மடையை வெட்டுகிற மனுஷர் அவர். நான் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு குடம், மறுநாள் இரண்டு குடம் என்று ஊற்றியிருக்கிறார். கேட்டால், "வெடிச்சுக் கெடக்கேன்னு பாவப்பட்டு ஊத்துனேன். பயிருன்னு ஒன்ன வச்சுப்புட்டுத் தண்ணி காட்டாம எப்படி? நாம என்ன கொலகாரகளா?" என்கிறார். முதல் தடவை கேலி பேசியவர், இந்தத் தடவை பாவப்பட்டுக் கெடுத்தார்.

இதில் ஒரு விஷயம். குடம் ஊற்றிய சங்கதி எனக்குத் தெரியும் முன்பே, இரண்டு அறை தள்ளிப் படுத்திருந்த பவுனு, "ஆத்தா, அங்கன என்னமோ அழுகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் போய் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. உன் மச்சானும் முகர்ந்தார். ஒன்றும் இல்லை. "மசக்கையில அப்படித்தான்டி இருக்கும், பேசாமப் படு" என்று அதட்டினேன். அவள் அழுதாள். இன்றைக்குச் சந்தேகம் வந்து அடுக்கைப் பிரித்தால், அடியில் ஒரு மூலையில் கிளிப் பச்சையில் பூசணம், அதற்கு அடியில் கூழாக அழுகல். மேலே இருந்து ஒரு ஈகூடக் கண்டுபிடித்திருக்காது. அந்தப் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் நேற்று வந்து நாடி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு பாட்டில் கொடுப்பார்களா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


கோயம்புத்தூர்,
25-3-1944

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானைத் திட்டாதே. இங்கேயும் முதல் மாசம் நான் அதைத்தான் செய்தேன். விவசாயி வீட்டில் பிறந்த கைக்குச் சொட்டுத் தண்ணீர் தெளிக்கத் தெரியாது.

பவுனு சொன்னதைப் படித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாரிடம் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கெட்டுப்போவதை முதலிலேயே கண்டுபிடிக்க இங்கே எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. பச்சை கண்ணில் படும்போது பாதி அடுக்குப் போயிருக்கும். மசக்கைக்காரியின் மூக்கு சும்மா இருக்கிறவர்கள் மூக்கைப் போல் இல்லை என்று நமக்கும் தெரியும். அதை நோவு என்றுதான் நினைத்தோம். அவளைப் படுக்கவைத்து வாடை வராமல் கதவைச் சாத்தினோம். அதற்குப் பதில் கதவைத் திறந்துவிடு. பருத்தி அறை வாசலில் அவளுக்குப் பாய் போடு. நல்ல வைக்கோல் படுக்கைக்கு என்ன வாடை, கெட்டதற்கு என்ன வாடை என்று அவளே சொல்லட்டும். எந்தக் கட்டைக் காட்டுகிறாளோ அதை மட்டும் உருவி வெளியே கொண்டுபோய் எரித்துவிடு. மாமன் சொன்னான் என்று சொல். கர்ணன் இல்லை, நான்.

இனி எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதையும் எழுதாமல் விட முடியாது. நல்லது முளைத்தால் முட்டை மாதிரி வரும். மேலே சாம்பல் கறுப்பு. தோல் கிழிந்து குடை எழும், அடியில் கிழிந்த பை நிற்கும். ஆனால் இதே மாதிரி அடியில் பையோடு வருகிற நஞ்சுக் காளானும் உலகத்தில் உண்டு. நஞ்சு என்றால் வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதெல்லாம் கதை. அந்த நஞ்சு தின்றவுடன் காட்டவும் காட்டாது. மறுநாள் ஆன பிறகுதான் காட்டும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் குடை விரிந்ததில் ஒன்றைக் காம்பு நீக்கி, வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க விடு. காளான் தன் விதையைக் காகிதத்தில் கொட்டும். அதை மடித்து எனக்கு அனுப்பு. வெள்ளையாக இருந்தால் யாரும் தொடக் கூடாது. நான் பார்த்து எழுதும்வரை ஒரு துண்டு பவுனு வாயில் படக் கூடாது. மூன்றாவது பாட்டில் தங்கபாண்டியிடம் கொடுத்திருக்கிறேன்.

சுயம்பு


தேவாரம்,
பங்குனி 28

என் தம்பிக்கு,

இந்தத் தடவை நல்ல சேதி.

பவுனுக்கு வாசலில் பாய் போட்டேன். முதல் நாள் முனகினாள். "மாமா சொன்னாக" என்றதும் எந்த மாமா என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன். தானே எழுந்து போய்ப் பாயில் உட்கார்ந்தாள். மறுநாளே, "ஆத்தா, இடது கைப் பக்கம், ரெண்டாவது அடுக்கு" என்றாள். உருவிப் பார்த்தால் கட்டுக்குள்ளே ஊசி முனை அளவுக்குப் பச்சை. என் கண்ணுக்கே கதவோரம் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது. இப்படி மூன்று கட்டுகளைக் காட்டினாள். மூன்றிலும் இருந்தது. உன் மச்சான் பயபக்தியோடு சுமந்துபோய் எரித்தார். ஈரத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். "காஞ்ச வாடை வருது, தெளி" என்பாள். "போதும், கனத்துப் போச்சு" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்காரர்கள் மாதிரி நின்றோம்.

அப்புறம் ஒருநாள், "இப்ப நல்ல வாடை வருது ஆத்தா. முத மழைக்கு மண்ணு மணக்குமே, அப்படி" என்றாள். நான் கையை வைக்கோலுக்குள் விட்டேன். அடைகாக்கிற கோழிக்கு அடியில் கைவிட்டதுபோல் சூடு. வைக்கோலுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? நாங்கள் நெருப்புப் போடவில்லை, வெயில் அந்த அறைக்குள் வராது. விலக்கிப் பார்த்தால் உள்ளெல்லாம் வெள்ளை நூல். யார் நூற்றது, எப்போது நூற்றது என்று தெரியவில்லை, வைக்கோலுக்கு வைக்கோல் ஓடிப் பின்னிக் கிடக்கிறது.

அதன் பிறகு கடுகு. கடுகு கடுகாக வெள்ளை, அடுக்கின் ஓரத்தில். காலையில் கடுகாக இருந்தது சாயங்காலம் முத்தாக இருந்தது. விடிந்தால் காடை முட்டை. உச்சிப்பொழுதில் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒன்றின் தோல் மெல்லக் கிழிந்து உள்ளேயிருந்து கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. பிரசவம் பார்த்தவள் நான், எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையில் வாங்கியிருக்கிறேன். அப்போதுகூட எனக்கு இப்படி மூச்சு நின்றதில்லை. உன் மச்சான் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "இடி இல்லாம, வானம் இல்லாம, ரூமுக்குள்ள" என்று மட்டும் சொன்னார். பவுனு சுவரைப் பார்த்துப் படுத்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ சொன்னபடி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் கிண்ணத்தை எடுத்தால், காகிதத்தில் சக்கரம் மாதிரி கோடு கோடாக யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கலைக்காமல் மடிக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா. இதோடு வைத்திருக்கிறேன். நிறம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செங்கல் பொடியைப் பாலில் கலந்த மாதிரி இருக்கிறது. நீ பார்த்துச் சொல். சீக்கிரம் சொல், குடைகள் விரிந்துகொண்டே போகின்றன. பிள்ளை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா


கோயம்புத்தூர்,
15-4-1944

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடலாம். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நீ நின்றுகொண்டே படிப்பாய் என்று தெரியும். காகிதத்தில் இருப்பது இளஞ்சிவப்பு. சாரும் பார்த்தார், குழலுக்கு அடியில் வைத்தும் பார்த்தார். நாம் வைத்த வித்துத்தான். எண்ணெயும் கடுகும் வேண்டாம், தாளிப்பு அவளுக்கு ஆகாது.

அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சார் என்னைக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை காலம் இந்தக் கொட்டகையில் எத்தனையோ காளான் பார்த்தேன். எல்லாம் எண்ணிக்கையாக, எடையாக. ஒரு படுக்கையை வாசலில் உட்கார்ந்து ஒருத்தி மூச்சாலேயே காப்பாற்றினாள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவள் என் அக்கா மகள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். வத்தலக்குண்டில் பஸ் நின்றால் நடந்தாவது வருவேன். எனக்காக எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம்.

உன் தம்பி சுயம்பு


தேவாரம்,
தாரண வருஷம், சித்திரை 8

என் தம்பிக்கு,

சாப்பிடலாம் என்று நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. அதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நீ திட்டுவாய். திட்டிக்கொள்.

காகிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் குடைகள் தொய்ய ஆரம்பித்துவிட்டன. உன் பதில் வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. நீ நஞ்சு என்று எழுதியதையும் மறக்க முடியவில்லை. யோசித்தேன். எனக்கென்ன, அறுத்து முடித்த வயல். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து காளானை உப்புப் போட்டு வேகவைத்து நின்றவாக்கில் தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வரைக்கும் பார்ப்பது, உயிரோடு இருந்தால் பிள்ளைக்குக் கொடுப்பது என்று முடிவு. ருசி எப்படி என்று கேட்காதே, பயத்தில் நாக்கு வேலை செய்யவில்லை.

உன் மச்சானைத் தேடினால் கிணற்றடியில் வேப்பமரத்து நிழலில் மல்லாக்கப் படுத்திருக்கிறார். அந்த நேரத்தில் படுக்கிற மனுஷர் இல்லை. என்ன என்று உலுக்கினால், "ஒன்னுமில்ல, நீ போ" என்கிறார். விடாமல் கேட்ட பிறகு, "நான் ரெண்டு காளானப் பச்சையாத் தின்னுட்டேன். எனக்கு எதுவும் ஆச்சுன்னா புள்ளைக்குக் குடுத்துராத" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு நானும் தின்றதைச் சொன்னேன். இரண்டு பேரும் செத்தால் அவளை யார் பார்ப்பது என்று ஒருத்தரை ஒருத்தர் ஏசினோம். அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் பொழுது சாய்கிற வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

அப்போதுதான் புதிதாக வந்த மொட்டுகளைப் பறித்து, உப்பு மட்டும் போட்டு வேகவைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பவுனிடம் போனேன். "நானும் ஒங்க ஐயாவும் தின்னு பாத்துட்டோம். ஒன்னும் ஆகல. பயப்படாமத் தின்னு" என்றேன். அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் செய்வீகன்னு எனக்குத் தெரியும். அதான் நான் முந்திக்கிட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நஞ்சைப் பற்றி நீ எழுதியதை உன் மச்சானுக்கு நான் படித்துக் காட்டியபோது அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் மொட்டு முட்டையாக வந்த அன்றைக்கே பறித்து, தணலில் சுட்டு, உப்புத் தொட்டுத் தின்றிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் தின்றிருக்கிறாள். எங்கள் கண்ணில் படாமல், வாந்தி எடுக்காமல். நான் உனக்குக் காகிதம் மடித்துக்கொண்டு இருந்த காலையிலும் அவள் வயிற்றில் அது இருந்திருக்கிறது. ஆத்திரம் தாங்காமல் அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். "நஞ்சா இருந்தா என்னடி ஆகியிருப்ப? வயித்துப் புள்ள என்ன ஆகியிருக்கும்?" என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் கலங்காமல் என்னைப் பார்த்தாள்.

"நானும் புள்ளையும் எப்படியும் போய்க்கிட்டுத்தான ஆத்தா இருந்தோம். நீங்க ரெண்டு பேரும் எதுக்கு?" என்றாள்.

ஓங்கிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தலையில் வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். உன் மச்சான் வாசற்படியில் திரும்பி நின்றுகொண்டார்.

இவ்வளவு பெரிய நெஞ்சை நான் பெற்றேன் என்பதை என்னால் நம்ப முடியவில்லை தம்பி. அந்தக் காளானைக் காட்டிலும் இதுதான் எனக்கு ஆச்சரியம்.

கிண்ணத்தை வழித்துவிட்டு, "சோறு இருக்கா?" என்று கேட்டாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் போட்டேன். பானை காலியாகிவிட்டது. எனக்கும் உன் மச்சானுக்கும் இரண்டாவது தடவை உலை வைத்தேன். என் ஆயுசில் இவ்வளவு சந்தோஷமாக நான் உலை வைத்ததில்லை.

அக்கா